கொக்கிக்கு வெந்நீர்

சூட்டில் இரும்பு இளகும் என்பதைப் பட்டறைப் பக்கமே வராதவர்களும் அறிவார்கள். குளிரில் அது என்ன ஆகும் என்று கேட்டால், பரிசோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள வளைகோட்டை வரைந்து காட்டிவிடுவீர்கள். கோடு சரிதான். ஆனால் ஒருவர் எதிரே வந்து நின்று, "இப்ப விடலாமா கூடாதா, சொல்லுங்க" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. நான் ஒரு தடவை பதில் சொன்னேன். அதைத்தான் எழுதப்போகிறேன். அது சரியான பதிலா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. பாலக்காட்டுக்குப் பக்கத்தில், கஞ்சிக்கோட்டில் ஒரு சிறிய ஒர்க்‌ஷாப்பில் வேலை. அங்கே பரிசோதனைப் பிரிவு என்றால் நான் ஒருவன்தான். ஊர் பக்கத்திலேயே, எலப்புள்ளி. வீட்டில் எல்லோரும் வயலும் மாடுமாக இருக்க, நான் மட்டும் டிப்ளமா முடித்துவிட்டு இரும்பை இழுத்துப் பார்க்கும் வேலைக்குப் போனேன்.

மூணாறு மலையில், சின்னக்கானலுக்கு அப்பால் ஒரு தேயிலை எஸ்டேட். அதன் மேற்பகுதியான மேல் டிவிஷனுக்கும் தேயிலை ஃபேக்டரிக்கும் நடுவில் ஆழமான பள்ளத்தாக்கு. அதைத் தாண்டி இரும்பு வடம் கட்டி ரோப்வே விட்டிருந்தார்கள். வடத்தின் மேல் உருளை ஓடும்; உருளையிலிருந்து ஒரு கொக்கி தொங்கும்; கொக்கியில் இரும்புத் தொட்டி. கொழுந்தும் விறகும் அந்தத் தொட்டியில்தான் போகும். கொக்கிகளை நாங்கள் செய்து கொடுத்தோம். மணிக்கட்டுப் பருமனுள்ள இரும்புக் கம்பியை வளைத்து, கழுத்தில் வெல்டிங் வைத்தவை. தொட்டால் சுடுகிற பாலக்காட்டுப் பங்குனி வெயிலில், இரட்டிப்புப் பாரம் தொங்கவிட்டுச் சோதித்தோம். ஒன்றிரண்டு லேசாக வளைந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு மற்றவற்றை அனுப்பினோம். ஒன்றுகூட உடையவில்லை. எந்தத் தட்பவெப்பத்தில் சோதித்தீர்கள் என்று வாங்கியவர்களும் கேட்கவில்லை. அப்போது அப்படிக் கேட்கும் வழக்கமே இல்லை.

மழைக்காலம் முழுக்க ரோப்வே ஒழுங்காக ஓடியது. மார்கழியில் ஒரு விடியற்காலை, பள்ளத்தாக்கின் நடுவில் நிற்கும் தூணை உருளை கடக்கும்போது, ஒரு கொக்கி முறிந்து தொட்டி விறகோடு கீழே போய்விட்டது. யாருக்கும் அடியில்லை. எஸ்டேட்டிலிருந்து ஆள் வந்தது. எங்கள் முதலாளி என்னை அனுப்பினார்.

உடுமலை, மறையூர் வழியாக மூணாறு. அங்கிருந்து எஸ்டேட் ஜீப். இறங்கியபோது புல்லின் மேல் உப்பைக் கொட்டியதுபோல் உறைபனி கிடந்தது. முறிந்த கொக்கியை என் கையில் கொடுத்தார்கள். வெயிலில் உடைகிற இரும்பு முதலில் நீளும், வளையும், ஓரிடத்தில் மெலியும். அது போகப்போகிறது என்பது கண் இருக்கிற எவருக்கும் தெரிந்துவிடும். இந்தக் கொக்கி கொஞ்சமும் வளையவில்லை. முறிந்த முகம் சர்க்கரைக் கட்டியை உடைத்ததுபோல் மின்னியது. கண்ணாடி உடைவதுபோல் உடைந்திருக்கிறது. தூணைக் கடக்கும்போது உண்டாகும் சின்னக் குலுக்கலே போதுமாக இருந்திருக்கிறது.

எஸ்டேட் மேனேஜரிடம் சொன்னேன். வேறு வகை எஃகில் புதிய கொக்கிகள் செய்து அனுப்ப வேண்டும், அதற்கு நாள் ஆகும், அதுவரை வெயில் ஏறி இரும்பின் குளிர் விட்ட பிறகே ரோப்வே ஓட வேண்டும் என்றேன். கோட்டயம் பக்கத்துக்காரர், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இரும்புக்குக் குளிரா? பின்னே கம்பளி வாங்கிக் கொடுக்கணுமா?"

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனாலும் முறிந்த கொக்கி மேஜை மேல் கிடந்ததால் ஒத்துக்கொண்டார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: புதிய கொக்கிகள் வரும்வரை நான் அங்கேயே தங்கி, தினமும் காலையில் எப்போது ஓட்டலாம் என்று நானே சொல்ல வேண்டும். சொன்ன பொறுப்பு என் தலையில் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்.

அப்படித்தான் மேல் டிவிஷனில், லயத்தின் கடைசியில் காலியாகக் கிடந்த ஒரு அறையில் இருக்க ஆரம்பித்தேன். லயம் என்றால் தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக இருக்கும் வீடுகள். எல்லோரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்னால் வந்தவர்கள். பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். நான் எங்கள் கொங்குப் பேச்சில் பேசினால் சின்னப்பிள்ளைகள் 'ஏனுங்க, ஏனுங்க' என்று பின்னாலிருந்து சொல்லிக் காட்டும். அது வேடிக்கையாகத்தான் இருந்தது, முதல் சில நாட்கள்.

பிறகு வேடிக்கை போய்விட்டது. முந்தின சாயங்காலம் பறித்த கொழுந்து காலையில் முதல் தொட்டிகளில் ஃபேக்டரிக்குப் போக வேண்டும். நான் ரோப்வேயை நிறுத்தியதால் அந்தக் கொழுந்தைப் பெண்கள் தலையில் சுமந்து, பள்ளத்தாக்கில் இறங்கி, அந்தப் பக்கம் ஏறிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். போதாததற்கு, எஸ்டேட் ரோட்டில் இருந்த மரப்பாலம் ஒரு லாரி ஏறி உடைந்து, மேல் டிவிஷனுக்கு வண்டி வருவதே நின்றுபோயிருந்தது. விடிகிற நேரத்தில் வழுக்குகிற பாதையில் மூட்டையோடு இறங்கும் பெண்கள் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் ரோப்வே ஸ்டேஷனில், ஒர்க்‌ஷாப்பிலிருந்து கொண்டுவந்த தெர்மாமீட்டரோடு நிற்பேன்.

"வெயிலு சார், ஒங்க வெயிலு எப்பம் வரும்?" என்று ஒருத்தி கேட்டாள். அதன்பிறகு என் பெயர் வெயிலு சார் ஆகிவிட்டது. பெயர் வைத்தார்களே தவிர, அந்தப் பெயரைச் சொல்லிக்கூட யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நான் டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கும். குடித்துவிட்டு வெளியே வந்தால் தொடரும். ஸ்டேஷனில் தொட்டி மாட்டுகிறவர் ஞானமுத்து. முப்பது வயதிருக்கும். தினமும் காலையில் இரண்டு மணி நேரம் அவரும் நானும் ஒரே தகரக் கொட்டகையில் வெயிலுக்காகக் காத்திருப்போம். நான் "போலாமுங்க" என்றால் எழுந்து மணி அடிப்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் இருப்பதுபோல் நடந்துகொள்வார். அதுவும் உண்மைதான்.

புதுவருடத்துக்குக் கிறிஸ்தவக் கோயிலில் பாட்டும் சாப்பாடும் நடந்தது. அறையில் இருந்தபடி கேட்டேன். பொங்கலன்று எங்கள் ஊரில் மாடுகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே, பனியில் நனைந்த கொக்கியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாளும் ஒன்றும் நடக்கவில்லை. இந்த வேலையில் உங்களுக்கு வரப்போகிற தனிமை இதுதான். உங்கள் பேச்சைக் கேட்டால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காதபோது, இவன் எதற்கு என்று எல்லோருக்கும் தோன்றும். சில நாட்களில் எனக்கே தோன்றியது.

பொங்கல் கழிந்து ஒரு காலை, நல்ல பனி. வழக்கம்போல் ஸ்டேஷனுக்குப் போனேன். ஞானமுத்து அங்கே இல்லை. கொஞ்ச நேரத்தில் லயத்திலிருந்து ஒரு கூட்டமே வந்தது. நாலு பேர் ஒரு கட்டிலைத் தூக்கி வந்தார்கள். கட்டிலில் ஞானமுத்துவின் மனைவி எஸ்தர். நிறைமாதம். கூடவே டிஸ்பென்சரி நர்ஸம்மா ஓடி வந்தார்.

"நேத்து சாயங்காலத்திலேர்ந்து வலி. பிள்ளை குறுக்கே கிடக்கு. இங்கே ஒண்ணும் செய்ய ஒக்காது. ஆஸ்பத்திரி போயே தீரணும்" என்றார் நர்ஸம்மா.

ஆஸ்பத்திரிக்குப் போக ஃபேக்டரிப் பக்கம் லாரி நின்றது. பள்ளத்தாக்கில் இறங்கி ஏறித் தூக்கிப்போனால் மதியத்துக்கு மேல் ஆகிவிடும். பாதை வேறு வழுக்கும். பாலம் இல்லை. ரோப்வே ஒன்றுதான்.

ஞானமுத்து என் முன்னால் வந்து நின்றார். இத்தனை நாளில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"இப்ப விடலாமா கூடாதா, சொல்லுங்க சார்."

தெர்மாமீட்டரைப் பார்த்தேன். பாதரசம் பூஜ்யத்தை ஒட்டி நின்றது. எங்கள் பக்கம் வெயில் விழ இன்னும் ரொம்ப நேரம் இருந்தது. முறிந்த கொக்கியின் மின்னுகிற முகம் என் கண்ணுக்குள் இருந்தது. அன்றைக்கு விழுந்தது விறகு.

"இப்பிடியே விடக் கூடாதுங்க" என்றேன்.

கூட்டத்தில் யாரோ கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். "உசுரு போவுது, இவன் வெயிலு பாக்கான்!" என்று ஒரு பெண் கத்தினாள். ஞானமுத்து என் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"பொறுங்க, சித்தெ பொறுங்க. வெயிலுக்கு நிக்க வேண்டாமுங்க. கொக்கியச் சூடு பண்ணிட்டா விடலாம். வெந்நீர் வேணும். ஊட்டுக்கு ஊடு அடுப்புல என்ன இருக்குதோ அல்லாத்தையும் கொண்டாரச் சொல்லுங்க. சாக்கும் வேணும்."

அந்த யோசனை எனக்கு அந்த நிமிடம்தான் வந்தது. பிடித்த சட்டையை அவர் விடவில்லை. நர்ஸம்மாதான் அவர் கையை எடுத்துவிட்டு, "சார் சொல்றது கேளு. ஓடு" என்றார்.

ஓடினார்கள். குளிக்கப் போட்டிருந்த தண்ணீர், கஞ்சிக்கு வைத்த உலை, பிள்ளைகள் காப்பகத்தில் பால் காய்ச்சும் பெரிய அண்டா, எல்லாம் வந்தது. இருந்த கொக்கிகளில் வெல்டிங் சுத்தமாக உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். சாக்கைச் சுற்றி, கயிற்றால் கட்டி, வெந்நீரை ஊற்றச் சொன்னேன். ஊற்ற ஊற்ற ஆவி கிளம்பியது. தடித்த இரும்பு, மேல் சூடானாலும் உள்ளே குளிர் போகாது. ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இத்தனை நாள் என்னைப் பார்க்காமல் போன பெண்கள் பானையோடு வந்து, ஊற்றி, திரும்பி ஓடினார்கள். எஸ்தர் கட்டிலில் கிடந்து முனகினாள். ஒவ்வொரு முனகலுக்கும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"போதுமா சார்?"

"இன்னுங் கொஞ்சமுங்க."

"போதுமா?"

சாக்குக்குள் கையை விட்டு, வெல்டிங் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். எத்தனை சூடு போதும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பாலக்காட்டு வெயிலில் சோதித்த அன்றைக்குக் கை எப்படிச் சுட்டதோ அப்படிச் சுட வேண்டும் என்று மட்டும் வைத்துக்கொண்டேன். அரை மணி நேரம் போல ஆகியிருக்கும். கை சுட்டது.

தொட்டியில் கம்பளி விரித்து எஸ்தரைக் கிடத்தினார்கள். ஞானமுத்துவும் ஏறப் போனார்.

"வேண்டாமுங்க. ரெண்டு பேர் பாரம் வேண்டாம்."

"தனியாவா அனுப்பச் சொல்லுதிய?" அவர் குரல் உடைந்துவிட்டது. "பாதில அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

நானே ஏறிப் போனால், கொக்கி மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள். அப்படி ஏற எனக்கு ஆசையாகக்கூட இருந்தது. ஆனால் அதுவும் பாரம்தான். ஒருவரோ இருவரோ, குலுங்கும்போது கூடுகிற ஒவ்வொரு ராத்தலும் அந்தக் கழுத்தில்தான் போய் நிற்கும். "தனியாத்தானுங்க" என்றேன்.

எஸ்தர் கண்ணைத் திறந்து, "நீரு நடந்து வாரும். நான் போறேன்" என்றாள் கணவரிடம்.

மெதுவாக இழுக்கச் சொல்லி மணி அடித்தோம். தொட்டி கிளம்பியது. சாக்கிலிருந்து ஆவி பறந்துகொண்டே போனது. ஞானமுத்து அதைப் பார்க்க நிற்கவில்லை. பள்ளத்தாக்குப் பாதையில் இறங்கி ஓடினார். தூணை நெருங்கும்போது கூட்டத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. உருளை ஏறியது, குலுங்கியது, கடந்தது. அந்தப் பக்கம் தொட்டியைப் பிடித்து இறக்கினார்கள். லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் காலிப் பானைகளை எடுத்துக்கொண்டு கலைந்து போனார்கள்.

சாயங்காலம் செய்தி வந்தது. எஸ்தர் பிழைத்துவிட்டாள். பிள்ளை இறந்து பிறந்தது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிள்ளையையும் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. எஸ்தர் போன கொக்கியைக் கழற்றி, என் அறையில் தனியாக வைத்துக்கொண்டேன். ஏன் என்று அப்போது தெரியாது.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"நேத்து பனியிலே ஓடியதல்லே? மனுஷனை ஏத்தியே ஓடிச்சு. பின்னே இலை போனா மட்டும் உடையுமா?"

"நேத்து வெந்நீர் ஊத்திச் சூடு பண்ணினமுங்க."

"எல்லாக் கொக்கிக்கும் தினம் வெந்நீர் ஊத்த இது என்ன பிரசவ ஆஸ்பத்திரியா? நாளை முதல் காலையிலே ஓடும்."

வாதாடினேன். பலிக்கவில்லை. முந்தின நாள் நான் செய்த காரியமே என் வாயை அடைத்துவிட்டது. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டேன்: தூணுக்குக் கீழே பாதை போகிறது; காலையில் அதில் யாரும் நடக்கக் கூடாது, சுற்றி வரட்டும். அதற்கு மட்டும் கையை அசைத்துச் சரி என்றார்.

சொல்லிவிட்டாரே தவிர, நிறுத்த ஆள் போடவில்லை. நானே சிவப்புத் துணியோடு பாதையில் போய் நின்றேன். மூட்டை தூக்கும் வேலை போய், வெறுங்கையோடு வந்த பெண்களை மறித்துச் சுற்றுப் பாதையில் அனுப்பினேன். மறுபடியும் ஏச்சு. தலைக்கு மேல் தொட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒன்றும் விழவில்லை. அடுத்த நாளும் விழவில்லை. அதற்கும் அடுத்த நாள், பனி கடுமையாக இருந்தது. மேலே பட்டென்று ஒரு சத்தம்; துப்பாக்கி வெடித்ததுபோல். கொழுந்து மூட்டையோடு தொட்டி பாறையில் விழுந்து சப்பளிந்தது. நான் மறித்து நிறுத்தியிருந்த பெண்கள் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி அழ ஆரம்பித்தாள். பத்து நிமிடம் முன்னால், என்னைத் திட்டிக்கொண்டே அந்தப் பாறையைக் கடக்கப் பார்த்தவள் அவள்தான்.

இதை உங்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். உங்கள் பேச்சு எடுபடாமல் போகும் நாள் வரும். அன்றைக்குக் கோபித்துக்கொண்டு அறைக்குப் போய்விடாதீர்கள். இரும்பைக் காப்பாற்ற முடியாவிட்டாலும், அதன் கீழே நிற்கிற ஆளை நகர்த்த முடியும்.

அன்று மதியமே ரோப்வேயைப் பழைய ஏற்பாட்டுக்கு மாற்றினார்கள். டீக்கடையில் நான் நுழைந்தபோது பேச்சு நின்றது, முன்புபோலவே. இப்போது நின்றது வேறு காரணத்துக்காக இருக்கலாம். என்னால் அதைப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு, எஸ்தரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு ஞானமுத்து வேலைக்குத் திரும்பினார். ஸ்டேஷனில் கிடந்த முறிந்த கொக்கியை எடுத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவ போனது இது இல்லலா?"

"இல்லீங்க. அது வேற."

"அன்னைக்கு வெந்நி ஊத்தாம ஒடனே விட்டிருந்தா, அது ஒடைஞ்சிருக்குமா?"

"தெரியாதுங்க."

"ஒடைஞ்சிருக்கும்னு சொல்லுங்களேன் சார்."

அவர் கேட்டது ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் அவருக்கும் எனக்கும் நிம்மதி. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"எனக்குத் தெரியாதுங்க."

"எப்பமாவது தெரிஞ்சா சொல்லுவியளா?"

"சொல்றனுங்க."

மாசியில் புதிய கொக்கிகள் வந்தன. அவற்றை ஐஸில் வைத்துச் சோதித்த பிறகே அனுப்பும்படி சொல்லியிருந்தேன். மாட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். பழைய கொக்கிகளோடு எஸ்தர் போன கொக்கியும் என்னுடன் கஞ்சிக்கோட்டுக்கு வந்தது. ஒர்க்‌ஷாப்பில் அவற்றைச் சுத்தியலால் அடித்துப் பார்த்து, "நல்லாத்தானப்பா இருக்குது" என்றார்கள். அந்த வெயிலில் நல்லாத்தான் இருந்தன. அடித்தால் வளைந்தன.

டவுனில் மீனுக்கு ஐஸ் செய்யும் கம்பெனியிலிருந்து பாளம் பாளமாக வாங்கி, உப்புப் போட்டு, பலகைப் பெட்டிக்குள் ஒவ்வொரு கொக்கியாகக் குளிர வைத்தேன். பாரம் தொங்கவிட்டு, தூணில் ஏறும்போது குலுங்குவதுபோல் ஒரு குலுக்குக் கொடுத்தேன். சில உடைந்தன. சில உடையவில்லை. ஒரே கம்பி, ஒரே வெல்டர், ஒரே குளிர். எது போகும், எது நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. குளிர் இரும்பின் பலத்தைக் குறைத்துவிடுவதில்லை. போகிற இரும்பு முன்கூட்டிக் காட்டும் அடையாளத்தைத்தான் அது எடுத்துவிடுகிறது. வளைகோட்டில் செங்குத்தாகச் சரியும் இடம் என்று நீங்கள் வரைகிறீர்களே, அந்த இடத்தின் அர்த்தம் இதுதான்.

எஸ்தரின் கொக்கியைக் கடைசியில் வைத்தேன். அவள் பாரமும் தொட்டிப் பாரமும் சேர்த்துத் தொங்கவிட்டேன். குலுக்கினேன். நின்றது. மறுபடி குலுக்கினேன். நின்றது. முதலாளி பார்த்துவிட்டு, "புதுசுதான் மாட்டியாச்சே, இன்னும் எதுக்கப்பா இதப் போட்டு உலுக்கிட்டு நிக்கறே?" என்றார். ஐஸ் உருகித் தண்ணீர் ஓடும் வரைக்கும் குலுக்கினேன். அது தாங்கியது.

அன்றைக்கு உடனே விட்டிருந்தால், அந்தக் கொக்கி தாங்கியிருக்கும் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருடங்களாக அதைத் திருப்பிப் பார்த்துவிட்டேன். அதே பனி, அதே கட்டில், அதே கேள்வி வந்தால், நான் மறுபடியும் வெந்நீர்தான் கேட்பேன். கையில் இருப்பது நிற்கிற கொக்கியா, போகிற கொக்கியா என்று அந்தக் காலையில் சொல்ல எந்த வழியும் இல்லை. முடிவெடுக்கும்போது தெரிந்ததை வைத்துத்தான் முடிவை எடைபோட வேண்டும். பின்னால் தெரிந்ததை வைத்து அல்ல. இதை எழுதுவது சுலபமாக இருக்கிறது. இதோடு வாழ்வது அவ்வளவு சுலபமாக இல்லை.

சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேனே. மழை விட்ட பிறகு லீவு போட்டுவிட்டு மலைக்குப் போனேன். ஞானமுத்து லயத்துக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கோடாலியைக் கீழே வைத்தார்.

"தெரிஞ்சிட்டா?"

"தெரிஞ்சுதுங்க. ஐஸுல வெச்சுப் பாத்தேன். தாங்குச்சுங்க."

அவர் பிளந்த விறகை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். எல்லாவற்றையும் அடுக்கி முடித்த பிறகு என் பக்கத்தில் வந்து, கீழே பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"அவகிட்ட சொல்லாண்டாம் சார். நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்."

எஸ்தர் இரண்டு தம்ளரில் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள். உடம்பு தேறியிருந்தாள். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இம்புட்டு நேரமா என்ன பேசுனிய?"

"இரும்பப் பத்தித்தான்" என்றார் ஞானமுத்து.

அவள் தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, எங்களுக்கு எதிரே படியில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு அந்தத் தொட்டியில போவும்போது, நட்டநடுவுல, எனக்கு யாருமே இல்லன்னு பயமா இருந்துச்சு சார். ஒடம்பெல்லாம் வெறைச்சுப் போச்சு. மேல சாக்குலருந்து வெதுவெதுன்னு தண்ணி முகத்துல சொட்டிக்கிட்டே வந்துச்சு. அக்கர போற வரைக்கும் அது நிக்கல. அது ஒண்ணுதான் தொணையா இருந்துச்சு."

ஞானமுத்து எழுந்து, கோடாலியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார். விறகு எல்லாம் பிளந்தாகிவிட்டிருந்தது. நான் காப்பியைக் குடித்தேன். அவள் இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டாள். ஊற்றுங்க என்றேன்.